நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் புதிதாக ஒரு வருத்தம் தலைகாட்டியது. முதலில் கெண்டைக்காலில் பிடிப்பும் வலியும் வந்தன. பிறகு பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டியது. அதன்பின் கையும் சோர்ந்தது. இப்படிப் பாதிக்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்டவர்களும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் அப்போதுதான் பெரியபிள்ளை ஆனவர்கள். ஆண்பிள்ளைகளுக்கு வராத வருத்தம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் அந்த வயதில் ஏன் வந்தது?

பேராதனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும், தொழில்சார் மருத்துவத்தில் பேர்பெற்ற ஜெயரத்தினமும் இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். விடை குச்சிலுக்குள் இருந்தது. பிள்ளை சமைந்ததும் ஒதுக்கி உட்காரவைத்து, இடுப்புக்குப் பலம் என்று பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். அந்த நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும் சேர்க்கப்படும் பொருள் அது. முன்பு கனிம எண்ணெய் ஏற்றிய கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தபோது கலந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில் தாய் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொடுத்த எண்ணெய்தான் அவள் நரம்பைத் தின்றது. இந்த ஆய்வு 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

அந்த நஞ்சு உலகுக்குப் புதியதல்ல. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த 1930இல், இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற சாராயத்தில் இதே வகை இரசாயனம் கலக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் பாதம் தொங்கிப்போனார்கள். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதால் ஏறத்தாழ 10,000 பேர் முடங்கினார்கள். மூன்று நாடுகளிலும் முடங்கியவர்கள் மலிவானதை வாங்கிய ஏழைகளும், எதையும் கேள்வி கேட்காமல் கொடுத்ததைக் குடித்த பிள்ளைகளும்தான்.

அந்தப் பழைய கதையை இன்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, தெமோதரை, அப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்து லயத்திலும் இன்று நல்லெண்ணெய் நஞ்சு இல்லை. ஆனால் "கால் மரத்துப்போச்சு", "உள்ளங்கால் எரியுது", "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டது தெரியல" என்ற பேச்சு இருக்கிறது. இந்தப் பேச்செல்லாம் ஒரே வருத்தத்தைச் சொல்வது. மருத்துவத்தில் அதற்குப் பெயர் புற நரம்பு நோய். மலை ஏறிக் கொழுந்து பறித்து நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அவர் வேலையில் நீடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் விளங்கும்.

ஏன் முதலில் கால் விரல்?

மூளையும் முதுகுத்தண்டும் தலைமை அலுவலகம் என்றால், அங்கிருந்து கை, கால், தோல், தசை எல்லாவற்றுக்கும் ஓடும் கம்பிகளே புற நரம்புகள். கால் பெருவிரலின் தொடுகையை முதுகுத்தண்டுக்குக் கொண்டுபோகும் நரம்பணுவின் உடல் இடுப்புக்கு அருகே இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இழை ஒரு மீட்டர் அளவு நீண்டு பெருவிரலைத் தொடுகிறது. அணுவின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அந்த உடலைப் பத்தடி லயக் காம்பராவாகப் பெருக்கினால், இழை ஏறத்தாழ பதுளையிலிருந்து நுவரெலியா வரை நீளும்.

அந்த நீளம் முழுவதற்கும் சோறும் சாமானும் அந்த ஒரு காம்பராவில் இருந்துதான் போகவேண்டும். இழைக்குத் தேவையான புரதங்கள் அணுவின் உடலில் தயாராகி, இழைக்குள் ஓடும் நுண்ணிய தண்டவாளங்களில் பயணிக்கின்றன. அதில் விரைவு ரயிலும் உண்டு. ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் போய், இரண்டரை நாளில் பெருவிரலைச் சேரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே ஊரும் சரக்கு வண்டியும் உண்டு. அதில் ஏறிய புரதம் பெருவிரலுக்குப் போய்ச்சேர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.

சீனி கூடினாலும், விற்றமின் குறைந்தாலும், நஞ்சு சேர்ந்தாலும் இந்தப் போக்குவரத்து கெடும். பாதையில் மண் சரிந்தால் எந்த ஊருக்கு முதலில் அரிசி போகாது? கடைசி ஊருக்கு. அதனால்தான் நோய் கால் விரலில் தொடங்குகிறது. பாதம், கணுக்கால் என்று மெல்ல மேலே ஏறி, முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். முழங்கால் அளவுக்குப் போகும் இழையும் கைவிரலுக்குப் போகும் இழையும் நீளத்தில் நெருங்கியவை என்பதே காரணம். சப்பாத்தும் மேசும் போட்டது போலக் காலிலும், கையுறை போட்டது போலக் கையிலும் மரத்துப்போகும் இந்தப் பரவலைக் கண்டால் மருத்துவர் நோயின் வகையைப் பாதி கண்டுகொள்வார்.

கையில் மட்டும், அதிலும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் விறுவிறுத்து எழுப்பினால் அது பெரும்பாலும் வேறு கதை. மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு நசுங்குவது அது. பெருவிரலும் சுட்டுவிரலும் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்யும் வேலைகளிலும், சீனி வருத்தம் உள்ளவர்களிடமும் இது கூடுதல். இரவில் மணிக்கட்டை வளையாமல் தாங்கும் பட்டையாலோ சிறிய அறுவைச் சிகிச்சையாலோ இது பெரும்பாலும் சரியாகும். இரண்டையும் ஒன்றாக நினைத்து "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடுவது கையில் இருக்கும் மருந்தைக் கொட்டுவது போல.

நரம்பைத் தின்பவை

இன்று உலகெங்கும் புற நரம்பு நோய்க்கு முதல் காரணம் நீரிழிவு. கூடிய சீனி நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பணுவின் உள்வேலையையும் சேர்த்துக் கெடுக்கிறது. இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2008இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு சொன்னது. மலையேறும் உடலுழைப்பு தோட்டத்து மக்களை ஓரளவு காத்தது உண்மைதான். ஆனால் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமே பாதிச் சாப்பாடு என்ற நிலையில், உழைப்புக் குறைந்த வயதில் சீனி ஏறுவதற்குத் தடை இல்லை.

அடுத்தது விற்றமின் பி12. இது மாமிசம், மீன், முட்டை, பாலில் மட்டுமே போதிய அளவு கிடைக்கும். நீரிழிவுக்குப் பல ஆண்டுகள் மெட்போர்மின் குடிப்பவர்களுக்கும் பி12 குறையலாம். அவர்களின் கால் எரிச்சல் சீனியால் வந்ததா, விற்றமின் குறைவால் வந்ததா என்று இரத்தப் பரிசோதனை சொல்லும். பி12 குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ நோயை நிறுத்தும். பலருக்குத் திருப்பியும் தரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் நரம்பைத் தாக்கும் என்பதால் அதோடு விற்றமின் பி6 சேர்த்துக் கொடுப்பார்கள். அதற்காக பி6 மாத்திரையைக் கடையில் வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கக்கூடாது. அளவு மிஞ்சினால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும்.

கசிப்பும் சாராயமும் இன்னொரு காரணம். சாராயம் நரம்பை நேராகவும் தாக்கும். சோற்றின் இடத்தைப் பிடித்து விற்றமின் பி1ஐக் குறைத்தும் தாக்கும். சிறுநீரகம் செயலிழந்தாலும் உடலில் தேங்கும் கழிவு நரம்பைக் கெடுக்கும். பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால் ஊவாவில் இதையும் நினைவில் வைக்கவேண்டும். தொழுநோயும் இன்னும் ஒழியவில்லை. இலங்கையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் ஒளிக்காமல் காட்டவேண்டும். மருந்து இலவசம், நோய் குணமாகும்.

மருந்தடிக்கும் வேலையும் இந்தப் பட்டியலில் சேரும். ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிகொல்லி சிலவற்றைக் கூடுதலாக உடலில் ஏற்றியவர்களுக்கு, உயிர் தப்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் சோர்வதை இதே சேனாநாயக்க 1982இல் விவரித்தார். நல்லெண்ணெய் நஞ்சும் இந்தக் குடும்பத்து இரசாயனம்தான். நரம்பணுவில் உள்ள ஒரு நொதியைப் பிடித்து முடக்குவது அதன் வேலை. அன்று தாக்கி, பின்னால் சாய்ப்பது அதன் குணம். அதனால் காரணத்தையும் விளைவையும் யாரும் எளிதில் முடிச்சுப் போடுவதில்லை.

பறிப்பது கண்ணா, விரலா?

இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்லிவிடுகிறோம். மலையில் நின்று பார்த்தால் அது அவ்வளவு எளிதல்ல. கண் கொழுந்தைக் காட்டுகிறது. ஆனால் இளசா, முற்றலா என்பதை விரல்தான் கடைசியில் தீர்மானிக்கிறது. எந்த அளவு அழுத்தினால் காம்பு நசுங்காமல் ஒடியும் என்பது விரல் நுனிக்குத் தெரியும். கை நிறைந்ததும் இறுக்கிப் பிடிக்காமல் பின்னால் கூடைக்கோ சாக்குக்கோ வீசுவதும் தொடுகையின் கணக்குத்தான். நல்ல விரல் தேவைக்குச் சற்றே கூடுதலான பலத்தால் மட்டும் பிடிக்கும். நழுவத் தொடங்கினால் அந்த நொடியே இறுக்கும். மரத்த விரலுக்கு நழுவுவது தெரியாது. அதனால் எப்போதும் இறுக்கியே பிடிக்கும். கை சீக்கிரம் களைக்கும், தோல் கீறும், கொழுந்து நசுங்கும், கிலோ குறையும்.

கால் செய்யும் வேலை இன்னும் பெரிது. கணுக்கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாதத்து நரம்பு ஓயாமல் மேலே சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடல் கண்ணை நம்பி நிற்கும். கண்ணை மூடினால் ஆடும். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது தள்ளாடினால் இதுவே காரணமாக இருக்கலாம். அப்புத்தளைப் பக்கத்துப் பனிமூட்டத்தில், ஈரப் புல்லில், முதுகில் பாரத்தோடு சரிவில் நிற்பவருக்குக் கண்ணும் உதவாது. இப்படி விழுந்தவரைக் 'கவனமில்லை' என்று ஏசுவார்கள். அவருக்கு இல்லாதது கவனமல்ல, காலில் இருந்து வரவேண்டிய செய்தி.

இந்த வித்தியாசத்தைச் சம்பளக் கணக்கு பார்ப்பதில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆனது. ஆனால் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற கணக்கு அந்த ரூபாயை மறுபடியும் வெட்டுகிறது. நரம்பு நோய் ஒருவரை ஒரே நாளில் வேலையைவிட்டுத் துரத்துவதில்லை. முதலில் முழுப்பேர் அரைப்பேர் ஆகும். பிறகு காலில் புண், பத்து நாள் வேலை இல்லை. பிறகு மறுபடியும் புண். கடைசியில் "இவங்களால முடியாது" என்ற ஒரு சொல். வேலையைக் கொண்டுபோவது பெரும்பாலும் மரப்பு அல்ல, மரப்பால் கவனிக்காமல் விட்ட புண்.

கொல்லிமலைக்காரர் கண்டது

கெடுப்பது மரப்பு அல்ல, கவனிக்காத புண் என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் ஒரு வகையில் நம்மூர்க்காரர். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அன்று மருத்துவரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்கமுடியாமல் அவர் திணறியபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். அவன் விரலில் இருந்து இரத்தம் சொட்டியது. சாவி சதையை எலும்புவரை வெட்டியிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை.

அந்தப் பையன் பலசாலி அல்ல. நாம் அந்த அளவு திருகாததற்குக் காரணம் வலி நம்மைத் தடுப்பதுதான். பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடினார்கள். சூடான பாத்திரம், கைப்பிடியில் துருத்திய ஆணி, செருப்புக்குள் கல் என்று ஒவ்வொன்றும் பிடிபட்டது. இரவில் தூங்கும்போது எலி கடித்துக் காணாமற்போன விரல்களும் இருந்தன. அதற்கு மருந்தாக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற சதையும் நல்ல சதையைப் போலவே ஆறும், காவல் இருந்தால் போதும் என்பது அவர்கள் முடிவு.

1951இல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் இந்த முடிவைத் தொழிலோடு சேர்த்துப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சையில் கை திருந்தியவர்களுக்குத் தச்சு போன்ற தொழில்களைக் கற்பித்தார்கள். மனிதர் மாறியதைவிடக் கருவிகள் அதிகம் மாறின. கைப்பிடிகள் தடித்தன, வழவழப்பாகின. விசை ஒரு புள்ளியில் விழாமல் உள்ளங்கை முழுவதும் பரவியது. பாதத்துக்கு நுண்குமிழ் ரப்பர் செருப்பு வந்தது. பின்னாளில் நீரிழிவுக்காரருக்கும் அது உதவியது.

வேலூரில் கிடைத்த இன்னொரு பாடம் மலைக்கு மிகவும் பொருந்தும். புண் எப்போதும் ஒரே வெட்டில் வருவதில்லை. வலியில்லாத சின்ன அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழுந்தாலும் வரும். நல்ல காலுள்ளவர் ஐந்து மைல் நடந்தால் உள்ளங்கால் நோகும். தன்னை அறியாமல் பாரத்தை மாற்றி, நடையை மாற்றி, கொஞ்சம் நொண்டி நடப்பார். அந்த நொண்டல்தான் மருந்து. மரத்த கால் நொண்டாது. காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அழுத்தி மிதிக்கும். புண் வெடிக்கும் முன்பு அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்தின் ஒரே இடங்களுக்கு இடையே 2.2 பாகை செல்சியஸ் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் அபாயம் என்பது இன்று பாதச் சிகிச்சையில் பயன்படும் அளவு. வெப்பமானி இல்லாவிட்டாலும் வீட்டில் உணர்ச்சி நன்றாக உள்ள ஒருவரின் புறங்கை போதும்.

மலையில் என்ன செய்யலாம்

நரம்பு செய்துவந்த காவல் வேலையை இனிக் கண்ணும் செருப்பும் கருவியும் பக்கத்தில் நிற்கும் ஆளும் பங்குபோட்டுச் செய்யவேண்டும் என்பதே வேலூர்ப் பாடத்தின் சாரம். ஊவாத் தோட்டத்துக்கு அதைப் பெயர்த்தால் இப்படி வரும்.

வெறுங்கால் வேண்டாம். கவ்வாத்து முடிந்த மலையில் கட்டைகள் கூர்மையாக நிற்கும். மரத்த காலுக்கு அவை கத்தி. குதிகால் வார் உள்ள செருப்போ, மேசோடு சப்பாத்தோ போடலாம். வார் இல்லாத செருப்பு கழன்றாலும் கால் சொல்லாது. போடுமுன் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்கவேண்டும். மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். இல்லையேல் பேரப்பிள்ளையிடம் காட்டலாம். அட்டை கடித்த இடத்தையும் கழுவி உலர்த்தவேண்டும்.

குளிர் இரவில் அடுப்பருகே கால் காய்வது மலைநாட்டுச் சுகம். மரத்த காலுக்கு அது ஆபத்து. தோல் வெந்து கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றவேண்டும்.

எரிச்சலுக்கு மருத்துவர் கொடுக்கும் அமித்ரிப்டிலின், கபபென்டின் போன்ற மாத்திரைகள் தூக்கமும் தலைச்சுற்றும் தரலாம். "நான் காலையில மலை ஏறுறவ" என்று சொன்னால், அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பார். சொல்லாமல் விட்டால் மாத்திரையைத் தானே நிறுத்தி, வலியில் வேலையைவிடும் நிலை வரும். வேலை என்ன என்பதும் மருத்துவத் தகவலே.

இனி வேலையை மாற்றுவது. கால் மட்டும் மரத்தவருக்குச் செங்குத்து மலை ஆகாது. ஆனால் தட்டையான மலையில் பறிப்பதும், தவறணையில் கன்றுப் பை நிரப்புவதும், ஸ்டோரில் தூள் தெரிவதும் ஆகும். கை மரத்தவருக்குச் சூடான உலர்த்தியும் சுழலும் இயந்திரமும் ஆகாது; பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பது ஆகும். நரம்பு நோயின் சாயல் உள்ள எவரையும் மருந்தடிக்க அனுப்பக்கூடாது. பனி இறங்கும் நேரத்தில் அவரைத் தனியாகச் சரிவில் நிறுத்தாமல், நடக்கும் பாதைக்கு அருகே நிரை கொடுக்கலாம். இதற்கெல்லாம் காசு வேண்டாம். காலையில் பிரட்டில் ஆள் பிரிக்கும்போது கங்காணிக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தெரியவேண்டுமென்றால் சோதிக்கவேண்டும். பத்து கிராம் விசையில் வளையும் நைலோன் இழை ஒன்றைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பதே சோதனை. ஒருவருக்கு ஐந்து நிமிடமும் ஆகாது. தோட்ட டிஸ்பென்சரியில் வைத்தே செய்யலாம். தேவைப்பட்டவரை மட்டும் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

கையெழுத்துக்கு முன்

"சுகமில்லை, நின்றுகொள்ளுங்கள்" என்று சொல்லப்படுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 180 நாள் சேவை உள்ள ஒருவரை, ஒழுக்காற்றுக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதென்றால், அவர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். நோய் ஒழுக்காற்றுக் குற்றமல்ல. ஆகவே நீட்டப்படும் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் கேட்பது, காலைப் பார்ப்பது அளவுக்கு முக்கியம்.

வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. மரத்த காலில் முள் குத்திய நாளும் இடமும் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதிவாகியிருந்தால்தான் அது உதவும். நிரந்தரமாக வேலை செய்யமுடியாதவர், வயதுக்கு முன்பே ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும் வழி உண்டு. ஆனால் அது கடைசிப் படி. மாற்று வேலை செய்யக்கூடியவரை அங்கே தள்ளிவிடக்கூடாது. உடற்குறை உள்ளவர்களுக்கு அரசுத் தொழில்களில் நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. அவர்களின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. இரண்டும் அரிதாகவே லயத்து வாசல்வரை ஏறி வந்திருக்கின்றன. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் பேசும் மேசையில், 'நோயாளிக்கு மாற்று வேலை, மாற்று வேலைக்கு முழுப்பேர்' என்ற ஒரு வரியையும் வைக்கவேண்டும்.

அந்த நல்லெண்ணெய்ப் பிள்ளைகளிடம் திரும்பிப் போவோம். அவர்களில் சிலரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார் சேனாநாயக்க. இந்த நஞ்சு புற நரம்பை மட்டுமல்ல, முதுகுத்தண்டில் இறங்கும் நீண்ட இழைகளையும் தொடும். புற நரம்பு மெல்ல மெல்லத் தளிர்த்துத் தசையைச் சேர்ந்தது. அதன் பிறகே, முதுகுத்தண்டின் சேதம் விறைப்பாக வெளியே தெரிந்தது. முதுகுத்தண்டு இழை திரும்ப வளர்வதில்லை. புற நரம்பு வளரும். இந்த வேற்றுமையே நமக்கு இருக்கும் நம்பிக்கை.

காரணம் நீங்கினால், அதாவது பி12 ஏற்றினால், சாராயத்தை நிறுத்தினால், நஞ்சில் இருந்து விலகினால், அறுந்த இழை மீண்டும் தளிர்க்கும். நீரிழிவில் மீட்சி அரிது. அங்கே சீனியைக் கட்டுப்படுத்தி இருப்பதைக் காப்பதே வெற்றி. தளிர்க்கும் வேகமும் அந்தச் சரக்கு வண்டியின் வேகம்தான், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை 400 மில்லிமீட்டர். நரம்பு தன் வேலைக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். கொழுந்து ஏழெட்டு நாளில் மறுபடி பறிக்கத் தயாராகிவிடும். அந்த அவசரத்தை நரம்பிடம் எதிர்பார்க்க முடியாது. துரைமாரிடமும் கணக்கப்பிள்ளைகளிடமும் கேட்பது இதுதான்: அந்த நானூறு நாளும் அவர் பெயரைச் செக்ரோலில் இருந்து வெட்டிவிடாதீர்கள்.